நரியும் இரட்டைப் பிரேக்கும்

மார்ச் 4

போனை எடுக்காத மகாராணிக்கு,

இங்கே நான் நலம். நீயும் உன் தங்கையும் நலமாகத்தான் இருப்பீர்கள். என்னைத் திட்டிக்கொண்டிருக்கும்வரை உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வராது. கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும்போது நான் கொஞ்சம் கத்தினேன், வாஸ்தவம். அதற்காக சிக்னலில் கதவைத் திறந்து இறங்கி, அப்படியே தங்கை வீட்டுக்கு நடந்துவிடுவதா? டிரைவிங் மாஸ்டரின் பெண்டாட்டியே வண்டியை நடுரோட்டில் விட்டுப் போனாள் என்று என்னிடம் படிக்க வருகிறவர்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள்.

அது கிடக்கட்டும். எழுத வந்தது வேறு. இன்று காலை பின்கதவைத் திறந்தேன். குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு நரி! அதிர்ஷ்டம் அடித்தவனைப் பார்த்து, "நரி முகத்துல முழிச்சியா?" என்று கேட்போமே, நான் நிஜமாகவே முழித்தேன். ஓடாமல் என்னையே பார்த்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நீ தியான வகுப்புக்கு இழுத்துப்போனபோது குறட்டை விட்டவன்தான் நான், மறுக்கவில்லை. ஆனால் இது வேறு. அது என்னிடம் ஏதோ சொல்ல வந்திருக்கிறது. நீ திரும்பி வரப்போகிறாய் என்பதாகத்தான் இருக்கும்.

வழி பார்த்திருக்கும்,
உன் வீட்டுக்காரன்

மார்ச் 9

நரி தரிசனம் கண்ட மாஸ்டருக்கு,

போனில் பேசினால் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள். கடிதத்தில் முடியாது. இதோ, இரண்டு வரி முழுசாக எழுதிவிட்டேன். அடடா, என்ன சுகம்!

கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தீர்களா? பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் காயப்போட்ட கம்பளித் தொப்பியைப் பூனை என்று நினைத்து "சூ, சூ" என்று விரட்டியவர் நீங்கள். நரியே என்றாலும், அது சொல்ல வந்த சேதி, குப்பைத் தொட்டிக்கு மூடி போடுங்கள் என்பதுதான். மிச்சச் சோறு தின்ன வந்ததை மகான் ஆக்கிவிட்டீர்களே! தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. சரி, கொஞ்சம் சிரித்தேன்.

ஆனால் நீங்கள் கத்தியதற்காக நான் இறங்கவில்லை. நான் பிரேக்கில் கால் வைத்த அதே நொடி, மாஸ்டருக்கென்று உங்கள் பக்கம் வைத்திருக்கும் இரண்டாவது பிரேக்கை நீங்கள் மிதித்தீர்கள். காரில் மட்டுமா? நான் பேச வாயெடுத்தாலும் சரி, பாலை அடுப்பிலிருந்து இறக்கப் போனாலும் சரி, எனக்கு முன்னால் நீங்கள் மிதித்துவிடுவீர்கள். எனக்கு மூச்சு முட்டுகிறது. வருவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

கோபம் தீராத
நான்தான்

மார்ச் 17

கோபம் தீராதவளுக்கு,

கண்ணாடி போட்டுத்தான் பார்த்தேன். பல் டாக்டரும் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "நரியேதான் மாஸ்டர். என் ஒத்தை ஷூவைத் தூக்கிட்டுப் போன களவாணி இதுதான்" என்றார். தொட்டிக்கு மூடியும் போட்டாயிற்று. அப்படியும் வருகிறது. எதற்கு வருகிறது, சொல்லு பார்ப்போம்?

ஆனால் நானே காரியத்தைக் கெடுத்தேன். போன வாரம் அது வேலி ஓரமாக ரோட்டைப் பார்த்து நின்றது. ஒரு வேன் வந்துகொண்டிருந்தது. பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்த நான் வலது காலால், அங்கே இல்லாத பிரேக்கை ஓங்கி மிதித்தேன்! காலடியில் இருந்த வாளி உருண்டது. அந்தச் சத்தத்தில் மிரண்டு, நின்றிருந்த நரி ரோட்டுக்குள் பாய்ந்துவிட்டது. மயிரிழையில் தப்பியது. அதற்கு நிற்கத் தெரிந்திருந்தது. நான்தான் அதை வேனுக்கு முன்னால் விரட்டினேன்.

அன்றைக்கு உன் கடிதத்தை மறுபடி படித்தேன்.

அதிலிருந்து சம்மணம் போட்டு உட்கார்கிறேன். கால் மடங்கியிருந்தால் வாலாட்டாது பார். நேற்று நரி வந்தது. எதிரே உட்கார்ந்து கொட்டாவி விட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அதுவும் ஒன்றும் கேட்கவில்லை. கடவுளைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஓர் உயிர் பயமில்லாமல் என் பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான். அழுதுவிட்டேன். இத்தனை வருஷம் நீ பக்கத்தில்தானே இருந்தாய், உன்னோடு ஒரு நாளாவது இப்படி உட்கார்ந்தேனா என்று தோன்றியது.

மன்னித்துக்கொள்.
உன் வீட்டுக்காரன்

மார்ச் 22

நரியின் சீடருக்கு,

ஆக, நரிக்கென்றால் உங்களுக்கு வாயை மூடத் தெரிகிறது! இந்த வயசில் எனக்கு ஒரு சக்களத்தி, அதுவும் வால் வைத்தவள். உங்கள் கடிதத்தைத் தங்கையிடம் காட்டவில்லை. நான் மட்டும் வைத்து வைத்துப் படித்தேன்.

ஒரு சேதி. இங்கே டிரைவிங் சொல்லிக்கொடுக்கும் ஒரு அம்மாவிடம் மிச்சத்தையும் கற்று, லைசென்ஸ் வாங்கிவிட்டேன். அந்த அம்மா மிட்டாய் சப்பிக்கொண்டு ஜன்னல் வழியே வேடிக்கை பார்ப்பார். வேண்டியபோது மட்டும் "மெதுவா, கண்ணு" என்பார். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு வாருங்கள், அதே இரட்டைப் பிரேக் வண்டி. திரும்பும்போது நான் ஓட்டுவேன், அதே சிக்னல் வழியாக. உங்கள் கால் அந்தப் பிரேக்கைத் தொட்டதோ, அங்கேயே இறங்கிவிடுவேன். அப்புறம் கடிதமும் வராது.

சாவியை எனக்காக வையுங்கள்.
நான்தான்

மார்ச் 25

என் டிரைவர் அம்மாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். பக்கத்து சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி, அதிலே சம்மணம் போட்டுப் பழகிக்கொண்டிருக்கிறேன். முட்டி விண்விண் என்று தெறிக்கிறது, ஆனால் பிரேக்குக்குக் கால் எட்டவில்லை. மிட்டாயும் ஒரு பொட்டலம் வாங்கி வைத்திருக்கிறேன்.

நான் காரில் சம்மணம் போட்டிருப்பதைப் பல் டாக்டர் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்ன மாஸ்டர், நரியைக் கார்ல கூட்டிட்டுப் போகப் போறீங்களா?" என்று உரக்கக் கேட்டார்.

"மெதுவாப் பேசுங்க டாக்டர், வீட்டுக்காரி வரப் போறா. அவளுக்கு அது சக்களத்தி" என்றேன்.

சம்மணத்தில் இருந்தபடியே,
உன் வீட்டுக்காரன்