பஸ் ஸ்டாண்டில் நிற்கும் புள்ளி

பாப்பாவின் அம்மாவுக்கு,

நலம். பாப்பாவுக்கு இருமல் நின்றதா?

லாரி டிரைவரின் போனை வாங்கி நான் உன்னோடு பேசியபோது, "மூணு வாரமா பஸ் ஸ்டாண்டுலயே என்னங்க வேலை?" என்றாய். அதற்குள் லைன் அறுந்தது. நீ என் சாவிக்கொத்தில் மாட்டிவிட்ட ட்ராக்கர் தானாக இடம் சொல்லாது. அருகில் போகும் யாருடைய ஸ்மார்ட்போனாவது, அவருக்கே தெரியாமல், உனக்குச் சொல்ல வேண்டும். பஸ் ஸ்டாண்டைத் தாண்டினால் ஆளில்லை; அதனால்தான் உன் போன் மேப்பில் என் புள்ளி அங்கேயே நிற்கிறது. என் போனை வந்த அன்றே மேஸ்திரி வாங்கி வைத்துக்கொண்டார். நான் காவலிருக்கும் குடோனுக்கு வருவது தண்ணீர் லாரி டிரைவர் மட்டும். அவருடையது பட்டன் போன். "வீட்டம்மா உங்களை பஸ் ஸ்டாண்டுலயே குடிவச்சுட்டாங்களாண்ணே!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

புள்ளியை நம்பித் தேடினால் கிடைக்கமாட்டேன். நம் ஊரில் இந்த இடம், என்னை வேலைக்கு அனுப்பிய ஏஜென்டுக்குத்தான் தெரியும். என்னை அழைத்துப் போகச் சொல்லி அண்ணனை அவரிடம் பேசச் சொல். இங்கே பேச ஆளில்லை; பக்கத்து வீட்டு வம்பானாலும் நாலு பக்கம் எழுது.

இந்தக் கடிதத்தை வாங்கிப் போக டிரைவர் ஹாரன் அடிக்கிறார். புள்ளி நகர்ந்தால் என்னிடம் ஸ்மார்ட்போனோடு ஒரு ஆள் வந்துவிட்டார் என்று அர்த்தம். அதுவரை ஏஜென்டை விடாதே.

உன்னவர்