திருப்பிக் கொடுக்காத கம்பளிச் செருப்பு

அன்புள்ள பவானி,

அன்று அந்தக் கல் வாங்கில் உனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வசனம். "அண்ணை தாறதை வாங்கு." மூன்றே சொற்கள். லண்டனிலிருந்து அவற்றை வாய்க்குள் வைத்துக்கொண்டே வந்திருந்தேன். விமானத்தில் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு ரயிலில். பிறகு சாப்பாட்டு மேசையில். சொல்லவில்லை.

நீ போன முப்பத்தோராம் நாளுக்கு அடித்த நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி உன் கூடப்பிறந்த ரஞ்சன் அண்ணை கேட்டபோதும் நான் எழுதவில்லை. அதில் உன் படம் இருந்தது, தேவாரம் இருந்தது, நீ படித்த பள்ளிக்கூடத்தின் பெயரும் ஸ்ட்ரெதம் முதியோர் இல்லத்தில் வேலை செய்ததும் இருந்தன. நீ சிரித்தது மட்டும் ஓரிடத்திலும் இல்லை. இப்போது ஒரு வருஷம் முடிந்து உன் ஆட்டைத் திவசம் வருகிறது. இந்த முறை எழுதுகிறேன். நல்லவள், பண்பானவள் என்று எழுதினால் "உது ஆரைப் பற்றி?" என்று கேட்பாய். அதனால் நாம் இரண்டு பேரும் ஹங்கேரிக்குப் போய் வந்த கதையை எழுதுகிறேன்.

அந்தத் தொண்ணூற்றிரண்டாம் ஆண்டுக் கோடையில் உன் சிறுநீரகங்கள் இரண்டும் களைத்துப் போயிருந்தன. மாரிக் குளிருக்குள் உன்னை இரத்தம் சுத்திகரிக்கும் மெஷினில் போட வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அல்லது யாராவது ஒன்றைத் தர வேண்டும். அண்ணை யாருக்கும் சொல்லாமல் போய்ச் சோதித்துப் பார்த்துக்கொண்டு வந்து, பொருந்துகிறது என்றார். நீ ஒரேயடியாக மறுத்தாய். "அவருக்கு ரெண்டு குஞ்சுப் பிள்ளையள். நாளைக்கு அவருக்கு ஒண்டெண்டால் நான் அண்ணியின்ரை முகத்திலை எப்பிடி முழிக்கிறது?" அதற்குப் பிறகு அந்தக் கதையை எடுத்தாலே எழுந்து போய்த் தேத்தண்ணிக்குக் கேத்திலைப் போடுவாய்.

ஹங்கேரி என்று ஏன் பிடிவாதம் பிடித்தாய் என்று பலர் கேட்டார்கள். உன் முதியோர் இல்லத்தில் மார்கிட் என்றொரு கிழவி இருந்தார். அவரைக் குளிப்பாட்டும்போதெல்லாம் தன் ஊர்த் தேவாலயத்தைப் பற்றியும் அதன் முன்னால் இருக்கும் நீரூற்றைப் பற்றியும் சொல்லுவாராம். "மெசினிலை கட்ட முதல் ஒரு ஊர் பாத்திட்டு வருவம், சுகி. பரிஸ் எல்லாரும் போறது. நாங்கள் மார்கிட்டின்ரை ஊருக்குப் போவம்" என்றாய்.

புறப்படுவதற்கு முதல் நாள் மனோர் பார்க்கில் அண்ணை வீட்டில் சாப்பிட்டோம். நீ பிள்ளைகளோடு மேலே இருந்தபோது நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த குசினிக்குள் அண்ணை வந்து கதவைச் சாத்தினார்.

"பிள்ளை, நீ சொன்னாக் கேப்பாள். ஊர் பாக்கிற சாட்டிலை மெல்லமாச் சொல்லு."

"ஓம் அண்ணை."

அவர் கண்களைப் பார்த்துக்கொண்டு வேறு என்ன சொல்லியிருக்க முடியும்?

புடாபெஸ்ட் விமான நிலையத்திலேயே நம் பகிடிகள் தொடங்கிவிட்டன. அகதிகளுக்கென்று குரோய்டனில் கொடுக்கும், வரிசையில் நின்று எடுத்த நம் நீலப் பயணப் பத்திரங்களை அந்த அதிகாரி முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். ஒன்றும் எழுதாத பக்கங்களையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். "விடு, ஆறுதலா வாசிக்கட்டும். உன்னை மாதிரி ஒரு ஆள்" என்றாய். நான் சிரிப்பை அடக்கப் போய் இருமினேன். அவர் என் பத்திரத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

மார்கிட்டின் ஊரின் பெயரை நாம் கடைசி வரை சரியாகச் சொல்லவில்லை. ரயில் நிலையத்தில் நீ ஒரு விதமாகச் சொன்னாய், நான் வேறு விதமாகச் சொன்னேன். டிக்கெற் விற்ற பெண் இரண்டையும் கேட்டுவிட்டு மூன்றாவதாக ஒன்றைச் சொன்னாள். நாம் தலையாட்டினோம். இறங்கிய ஊரில் நீரூற்று இருந்தபடியால் அதுதான் என்று முடிவு செய்தோம்.

உனக்கு உப்பு ஆகாது. உணவகத்தில் நான் அகராதியைத் திறந்து 'உப்பு' என்ற சொல்லைத் தொட்டுக் காட்டித் தலையைப் பலமாக ஆட்டினேன். பரிமாறுபவர் உப்புச் சாடியைக் கொண்டுவந்து வைத்தார். இரண்டு கையையும் விரித்து இன்னும் பலமாக ஆட்டினேன். உள்ளே போய் அதைவிடப் பெரிய சாடி ஒன்றைக் கொண்டுவந்தார். "இனி ஆட்டாதை. மூட்டையோடை வந்திடுவார்" என்றாய்.

பிறகு அந்த மிளகாய். வீட்டு யன்னல்களில் சிவப்புச் செத்தல் மிளகாயை மாலையாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அண்ணிக்கு என்று ஒரு மாலை வாங்கினாய், இடித்தால் இரண்டு மாதத்துக்குக் கறித்தூள் காணும் என்று. தெருவிலேயே ஒன்றைக் கடித்துப் பார்த்தாய். இனித்தது. "பாவம், உதுக்கு உறைக்கவே பழக்கேல்லை" என்று மாலையைத் தடவிக் கொடுத்தாய்.

மூன்றாம் நாள் தேவாலயத்துக்குப் போனோம். முன்னொரு காலத்தில் துருக்கியர் கட்டிய பள்ளிவாசல் அது. குவிமாடத்தின் உச்சியில் பிறையும் அதற்கு மேல் சிலுவையும் இருந்தன. பக்கவாசலில் நின்று நீ அண்ணாந்து பார்த்தாய்.

"சப்பாத்துக் கழட்டோணுமோ?" என்று நான் கேட்டேன்.

"மேலை பிறையும் கிடக்கு, சிலுவையும் கிடக்கு. உள்ளுக்கை ஆர் இருந்தாலும் கழட்டினாக் கோவிக்கமாட்டினம்."

படியில் இரண்டு அட்டைப் பெட்டிகள் இருந்தன. மேலே பழைய துணிகள் தெரிந்தன. கோயிலில் செருப்பு வைக்கிற இடம் மாதிரி ஏதோ ஒழுங்கு என்று நினைத்து, இருவர் சப்பாத்துகளையும் அவற்றுக்குப் பக்கத்தில் சோடி சோடியாக அடுக்கி வைத்தோம். பின்னேரங்களில் உன் கால்கள் வீங்கும். அதற்காகவே இரண்டு அளவு பெரிதாக வாங்கிய சப்பாத்து உன்னுடையது.

உள்ளே கல்தரை குளிர்ந்தது. "கால் எரிவு போகுது" என்றாய். பிறகு ஒரு தூணோடு நின்று கண்களை மூடினாய். நீ என்ன கேட்டாய், யாரிடம் கேட்டாய் என்று நான் விசாரிக்கவில்லை. இப்போது விசாரிக்க ஆசையாக இருக்கிறது.

வெளியே வந்தபோது பெட்டிகளும் இல்லை, சப்பாத்துகளும் இல்லை.

"களவு போயிட்டுது" என்றேன்.

"ஆரடி என்ரை சப்பாத்தைக் களவெடுக்கிறது? ஆனை ஏதும் இந்தப் பக்கம் வந்ததோ?"

தேவாலயத்தைக் கூட்டித் துடைக்கும் பெண் வாளியோடு வந்தார். ஐம்பது வயதிருக்கும். நாம் நம் வெறுங்கால்களைக் காட்டினோம், படியைக் காட்டினோம். அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் கையை வைத்தார். பிறகு நடித்துக் காட்டினார். தலையில் ஒரு மூட்டை. ஒரு கையில் பிள்ளை. தெற்குப் பக்கம் விரலை நீட்டி, வாயால் ஒரு வெடிச்சத்தம். எல்லைக்கு அப்பால் யூகோஸ்லாவியாவில் சண்டை நடந்த காலம் அது. தப்பி வந்த சனங்களுக்குச் சேர்த்த பெட்டிகள் அவை. லொறி வந்திருக்கிறது. ஒழுங்காக அடுக்கி வைத்திருந்த நம் சப்பாத்துகளையும் அவரே எடுத்து ஏற்றிவிட்டிருக்கிறார்.

நீ அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாய். அழப்போகிறாய் என்று பயந்தேன். நீ கண்ணீர் வரச் சிரித்தாய்.

"எடி சுகி, லண்டனுக்கு வந்த புதுசிலை வெள்ளைக்காரற்றை பழஞ்சப்பாத்தைப் போட்டுக்கொண்டுதானே திரிஞ்சனாங்கள். இப்ப எங்கடையை ஆரோ போடப்போகினம். சரியாப் போச்சு."

அந்தப் பெண்ணுக்கு நாம் ஏன் சிரிக்கிறோம் என்று விளங்கவில்லை. தோட்டக் கொட்டிலுக்குள் போய் ஒரு பெரிய ரப்பர் பூட்ஸைக் கொண்டுவந்து எனக்குத் தந்தார். உனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. உன் வீங்கிய பாதங்களைக் குனிந்து பார்த்தார். பிறகு தான் போட்டிருந்த சாம்பல்நிறக் கம்பளிச் செருப்பைக் கழற்றி உன் முன்னால் வைத்தார்.

நீ கையை ஆட்டினாய். அவர் தள்ளினார். நீ திருப்பித் தள்ளினாய். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. முழங்காலில் நின்று, உன் கணுக்காலைப் பிடித்து, அடம்பிடிக்கிற பிள்ளைக்குப் போடுவது மாதிரிச் செருப்பைப் போட்டுவிட்டார். அது உனக்கு அளவாக இருந்தது. அவர் வெறும் காலுறையோடு வாளியைத் தூக்கிக்கொண்டு, ஈரத்தரையில் உள்ளே போனார்.

நீரூற்றுக்கு முன்னால் இருந்த கல் வாங்குக்கு வந்து உட்கார்ந்தோம். வரும் வழியில் என் பூட்ஸ் ஒவ்வொரு அடிக்கும் ஒரு சத்தம் போட்டது. ஆனால் நீ சிரிப்பதை நிறுத்திவிட்டாய். உன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"வேண்டாமெண்ட உடனை அந்த மனிசிக்கு எவ்வளவு கோவம் வந்தது, பாத்தியே?"

"ஓம்."

"சரி, சொல்லு."

"என்னத்தை?"

"அண்ணை சொல்லிவிட்டதை. மூண்டு நாளாப் பாத்துக்கொண்டிருக்கிறன், நீ வாயைத் துறக்கிறதும் மூடுறதும். மீன் மாதிரி."

நான் வாயைத் திறந்தேன். அந்த மூன்று சொற்களும் அங்கேதான் இருந்தன. நீ முந்திக்கொண்டாய்.

"செருப்பெண்டால் திருப்பிக் குடுக்கலாம், சுகி. மற்றது ஏலாது."

அதற்கு என்னிடம் மறுமொழி இருந்தது. வழிநெடுகச் சேர்த்து வைத்த நியாயங்கள் இருந்தன. அண்ணைக்கு ஒன்று போதும் என்று டொக்டர் சொன்னது இருந்தது. ஆனால் நீ அந்தச் செருப்புக்குள் விரல்களை மெல்ல அசைத்துக்கொண்டிருந்தாய். பல மாதங்களுக்குப் பிறகு உன் கால் வலிக்காமல் இருந்த நேரம் அது என்று தோன்றியது. அதற்குள் போய் நான் பேசுவதா?

"பூட்ஸ் கடிக்குது" என்றேன்.

"உனக்கு உது காணும்" என்றாய்.

அடுத்த நாள் காலை நான் பூட்ஸையும் நீ செருப்பையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, சந்தையில் வாங்கிய மலிவுச் சப்பாத்துகளோடு தேவாலயத்துக்குப் போனோம். வாசல் பூட்டியிருந்தது. பூட்ஸைக் கொட்டிலுக்குள் வைத்தோம். செருப்பை அங்கே வைக்க உனக்கு மனம் வரவில்லை. "ஆரும் எடுத்து லொறியிலை ஏத்திப்போடுவினம். லண்டனிலை இருந்து பார்சலிலை அனுப்புவம்" என்றாய்.

ரயில் கிளம்பியதும் நீ சந்தைச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு அந்தச் செருப்பைத்தான் போட்டாய். வெளியே சூரியகாந்தி வயல்கள் போய்க்கொண்டிருந்தன.

"லண்டன் போன உடனை அண்ணைக்கு நான் ஓமெண்டு சொல்லப்போறன்."

நான் திரும்பினேன்.

"நீ சொல்லித்தான் எண்டு நினையாதை."

"நான் ஒண்டும் சொல்லேல்லையே."

"அதாலைதான்."

பவானி, அண்ணை இன்றைக்கும் நான் உன்னிடம் பேசி மனதை மாற்றினேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார். வாற சனத்துக்கெல்லாம் அப்படியே சொல்லுகிறார். நானும் திருத்தவில்லை. இதை வாசித்தால் தெரிந்துகொள்வார். உன் மிளகாய் மாலை அண்ணியின் குசினியில் இன்னும் தொங்குகிறது. உறைக்காதபடியால் ஒருவரும் தொடவில்லை. நிறம் மட்டும் கொஞ்சம் மங்கியிருக்கிறது. அண்ணையின் மூத்தவள் உன்னைப் போல இடதுகையால் எழுதத் தொடங்கியிருக்கிறாள். பேசாமல் விட்டிருக்கிறார்கள்.

செருப்பு என் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. நீ ஆஸ்பத்திரிக்கும் அதைத்தான் போட்டுக்கொண்டு போனாய், நேர்ஸ்மார் எங்கே வாங்கியது என்று கேட்பார்கள் என்று பெருமையாகச் சொல்லுவாய். ஒவ்வொரு வருஷமும் பார்சல் கட்டுவோம் என்பாய். நான் வரும் கோடையில் அதைக் கொண்டுபோகிறேன். அண்ணையும் வருகிறேன் என்கிறார். அந்தப் பெண்ணைத் தேடிப் பிடித்துக் கையில் கொடுப்போம். ஊரின் பெயரையும் இந்த முறை சரியாகச் சொல்லப் பழகிக்கொண்டு போகிறேன்.

நீ சொன்னபடியே அண்ணையிடம் ஓம் என்றாய். அடுத்த மாசியில் அவர் தந்தார், நீ வாங்கினாய். மூன்று வருஷங்களுக்கு மேல் அது உனக்கு வேலை செய்தது. போன மாரியில் காய்ச்சல் வந்து ஒரு கிழமைக்குள் நீ செத்துப் போனாய். அண்ணை சுகமாக இருக்கிறார்.

இப்படிக்கு,
உன் அண்ணைக்கு மிஞ்சியிருக்கும் தங்கச்சி,
சுகி