நூற்றொரு மீட்டர்

அண்ணி,

இன்று காலை சர்வே ஆட்கள் வந்து, டேப்பே இல்லாமல் மறுபடி அளந்துவிட்டார்கள். மூன்று கால் வைத்த ஒரு கருவியை டச்சுக் கிடங்கின் கிழக்குச் சுவரோரம் நிறுத்தி, கண்ணாடி போட்ட ஒரு பெண் அதற்குள் குனிந்து பார்த்தாள். கூட வந்தவர் ஒரு கம்பியைக் கொண்டுபோய், உன் வீட்டு முன்சுவர் இருந்த இடத்தில் நட்டுப் பிடித்தார். கருவி கீங் என்று ஒரு சத்தம் போட்டது. அவ்வளவுதான் வேலை. ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. அந்தப் பெண் எழுதிக்கொண்டே, "இந்த இடம் வெளியிலதாங்க வருது. நூத்தியொரு மீட்டருக்கு மேல இருக்கு. இதை உள்ளன்னு யாரு எழுதுனது?" என்று கேட்டாள்.

உன் மகன் சேகர் பக்கத்தில்தான் நின்றான். அவன் என்னைப் பார்த்தான். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

உனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ரேஷன் கார்டிலிருந்து அண்ணனின் இறப்புச் சான்றிதழ் வரை உன் கைக்கு வந்த காகிதத்தையெல்லாம் நான்தான் படித்துக் காட்டினேன். இதை உனக்குப் படித்துக் காட்ட யாரும் இல்லை என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன். பன்னிரண்டு வருடம் உன்னிடம் மறைத்ததை, நீ போய் இரண்டு மழைக்காலம் கழித்து எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ கேட்டிருந்தால், "உசுரோட இருந்தப்போ வாயில இன்னா வெச்சினு இருந்தே?" என்றுதான் முதல் கேள்வி வந்திருக்கும். நியாயமான கேள்விதான்.

அங்கன்வாடியில் பிள்ளைகளுக்கு முட்டை உரித்துக் கொடுக்கிற வேலை எனக்கு. நீதான் என்னை டீச்சர் ஆக்கினாய். அன்னக்கூடையில் நண்டும் மடவை மீனும் வைத்துக்கொண்டு பொன்னேரி பஸ்ஸில் ஏறும்போது, ஜன்னல் வழியாக "டீச்சரே, சாயந்தரம் வந்து ஒரு பேப்பர் படிச்சிக் குடு" என்று ஊர் கேட்கக் கத்துவாய். கிண்டல் பாதி, பெருமை பாதி. எனக்கு அது பிடித்திருந்தது. அந்தப் பிடித்தம்தான் பிறகு என்னைக் கெடுத்தது என்று இப்போது தோன்றுகிறது.

நீ வாழ வந்த வீடு நான் பிறந்த வீடு. எங்கள் நைனா கட்டியது. கிடங்கிலிருந்து விழுந்து கிடந்த டச்சுக்காரன் செங்கல், பலகாரம் மாதிரி மெல்லிசாக இருக்கும், அதைப் பொறுக்கி மண் குழைத்துச் சுவர் எழுப்பினார். அன்றைக்கு அதை யாரும் கேட்கவில்லை. கிடங்கு என்றால் கூரையில்லாத நான்கு சுவர். உள்ளே ஆடு, மேலே வவ்வால், முன்வெளியில் நம் கருவாடு. துணி மூட்டை அடுக்கிய இடம் என்று இப்போது பலகை சொல்கிறது. ஆட்களைப் பிடித்துவந்து கப்பல் வரும்வரை அடைத்து வைத்ததும் அங்கேதான் என்று நம் ஊரில் சொல்வார்கள். அதைப் பலகை சொல்லவில்லை. கடைசி வருடங்களில் நீ அந்த வேலியைப் பார்த்து ஒருமுறை சொன்னாய்: "அவங்களையும் உள்ளதான் வெச்சான். என்னையும் உள்ளதான் வெச்சிக்கிறான்." நான் சிரித்தேன். உன்னை உள்ளே வைத்தவள் பக்கத்தில் நின்று சிரித்தாள்.

கிடங்கைப் பாதுகாக்கப் போகிறார்கள், நூறு மீட்டர் அளந்து எல்லை போட ஆள் வருகிறது என்ற பேச்சு வந்தபோது ஊரில் ஒருவரும் பயப்படவில்லை. சந்தோஷப்பட்டோம். அதுதான் நம் கூத்து. சுனாமிக்குப் பிறகும் இப்படித்தான் அளந்தார்கள். கடலிலிருந்து இத்தனை தூரத்துக்குள் இருந்தால் புது வீடு, தாண்டியிருந்தால் ஒன்றுமில்லை. அன்று உன் வீடு கோட்டுக்கு வெளியே போனது. உள்ளே வந்தவர்கள் காங்கிரீட் வீட்டுக்குச் சாவி வாங்கிக்கொண்டு போனதை, அண்ணனையும் பறிகொடுத்த நீ இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாய். அதிலிருந்து ஊருக்கே ஒரு முடிவு: யாராவது டேப்போடு வந்தால் நாம் உள்ளே இருக்கவேண்டும். எதற்கு உள்ளே என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. படித்தவள் என்று பேர் வாங்கிய எனக்கும் தோன்றவில்லை.

சர்வேயர் வந்த அன்று நல்ல வெயில். அவரோடு வந்த ஆள் பஸ்ஸிலேயே வாந்தியெடுத்து வேப்பமரத்தடியில் படுத்துவிட்டான். "நம்பர் படிக்கத் தெரிஞ்சவங்க யாராவது டேப் பிடிங்க" என்றார். நீ என் முதுகில் கைவைத்துத் தள்ளினாய். "எங்க டீச்சர் புடிப்பாங்கோ சார்."

முப்பது மீட்டர் டேப் அது. அவர் ஒரு முனையைக் கிடங்குச் சுவரில் வைத்துக்கொள்வார். நான் மறுமுனையை இழுத்துப் போய், டேப் முடியும் இடத்தில் ஒரு செங்கல் துண்டை வைக்கவேண்டும். அவர் அந்தத் துண்டிடம் வந்து, அங்கிருந்து மறுபடி ஆரம்பிப்பார். நடுவில் கவிழ்த்துப் போட்ட படகும் காயப்போட்ட வலையும் இருந்ததால் அவருக்கு என் கால் தெரியாது. முதல் முப்பதை ஒழுங்காக வைத்தேன், அண்ணி. இரண்டாவது முப்பதுக்குப் போகும்போதே கண்ணாலேயே தெரிந்துவிட்டது. உன் வீடு இந்த முறையும் மயிரிழையில் வெளியே போகப்போகிறது.

டேப் முடிந்த இடத்திலிருந்து உன் வீட்டுப் பக்கமாக ஓர் எட்டு தள்ளிச் செங்கலை வைத்தேன். அவர் வந்தார், பார்க்கவில்லை, அங்கிருந்து அளந்தார். மூன்றாவது முப்பதிலும் ஓர் எட்டு தள்ளினேன். உன் சுவரைத் தொட்டதும் அவர் கணக்குப் போட்டு, "தொண்ணூத்தொம்போது எழுபது. உள்ள" என்றார்.

நீ கைதட்டினாய். "அம்மா கண்ணத் தொறந்துட்டாடீ!" என்று என்னைக் கட்டிக்கொண்டாய். சர்வேயருக்குக் கோலி சோடா உடைத்துக் கொடுத்தாய். பின்வீட்டு தேசப்பன் கோட்டுக்கு வெளியே போய்விட்டான். அந்த மனுஷன் சர்வேயரின் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், சார், என் சமையக்கட்ட மட்டுமாவது உள்ள சேத்துக்கோ சார்" என்று அழுதான். நாம் இரண்டு பேரும் அவனைப் பார்த்துப் பரிதாபப்பட்டோம். இதை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு கூசுகிறது.

மூன்று மாதம் கழித்து வேலி வந்தது, பலகை வந்தது. நீ என்னைக் கூட்டிப்போய் அதன் முன்னால் நிறுத்தினாய். "படி. வூடு எப்போ குடுப்பாங்களாம்?" நான் படித்தேன். நூறு மீட்டருக்குள் புதிதாக எதுவும் கட்டக்கூடாது, அனுமதி இல்லாமல் பழுதுகூடப் பார்க்கக்கூடாது, மீறினால் தண்டனை; எல்லையைத் தாண்டியிருந்தால் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிக் கட்டலாம். நீ நம்பவில்லை. "மறுபடியும் படி" என்றாய். மறுபடியும் படித்தேன். "இன்னா பேஜாரு இது" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கருவாட்டை அள்ளப் போனாய். அதைக் காயவைக்கவும் அன்றோடு இடம் போயிற்று.

அன்று சொல்லியிருக்கலாம். அரசாங்க அளவில் கைவைத்தது தெரிந்தால் அங்கன்வாடி வேலை போய்விடும் என்று பயந்தேன். அது உண்மை. அதைவிடப் பெரிய உண்மை, உன் வாய்க்குப் பயந்தேன். "டீச்சரே" என்று நீ கூப்பிடுவது நின்றுவிடும் என்று பயந்தேன். இப்படி அற்பமாகத்தான் இருந்தது காரணம்.

எல்லைக்கு வெளியே போன தேசப்பன் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கி, மாடியே எடுத்துவிட்டான். அவன் மொட்டை மாடித் தண்ணீர் குழாய் வழியாக உன் ஓட்டின் மேல் விழுந்தது. சேகருக்குக் கல்யாணம் செய்தாய். ஓர் அறை கூடுதலாகப் போட வழியில்லாமல், ஒற்றை அறையில் புடவையைக் குறுக்கே கட்டி அந்தப் பக்கம் அவர்களைப் படுக்கவைத்தாய். வந்த பெண் எத்தனை நாள் பொறுப்பாள்? நாலு மாதத்தில் பொன்னேரியில் வாடகை வீடு பார்த்துக்கொண்டு போனார்கள். அவளை ஊரே ஏசியது. நீ ஏசவில்லை. "நானா இருந்தா ரெண்டே மாசத்துல போயிருப்பேன்" என்றாய்.

ஓடு மாற்ற அனுமதி கேட்டு உனக்காக மூன்று மனு எழுதினேன். மூன்றிலும் இரண்டாவது வரி ஒன்றுதான்: 'எனது வீடு மேற்படி கட்டடத்திலிருந்து நூறு மீட்டர் எல்லைக்குள் அமைந்துள்ளது.' என் கையால், என் பேனாவால், அழகான கையெழுத்தில். அதன் கீழே உன் கட்டைவிரலைப் பிடித்து மையில் வைத்து அழுத்தியதும் நான்தான்.

இரண்டாவது மனுவை நாம் இரண்டு பேரும் நேரில் கொண்டுபோனோமே, அந்த நாளை நான் மறக்கவே மாட்டேன். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் நல்ல மனிதர். நம்மை உட்காரச் சொன்னார். வரைபடத்தைப் பார்த்தார். "தொண்ணூத்தொம்போது எழுபதா? ரொம்ப ஓரமா இருக்கேம்மா. சரியா அளந்தாங்களா? சந்தேகம்னா மறுபடி அளக்கச் சொல்லி ஒரு வரி எழுதிக் குடுங்க, நான் அனுப்புறேன்" என்றார்.

நீ என் பக்கம் திரும்பினாய். "இன்னா டீச்சரே? சரியாத்தானே அளந்தாங்கோ? நீதானே கூட நின்னே?"

"சரியாத்தான் அளந்தாங்க" என்றேன்.

ஒரு வரி. அவர் வெள்ளைக் காகிதத்தைக்கூட நகர்த்தி வைத்திருந்தார். பஸ்ஸில் திரும்பி வரும்போது நீ எனக்கு வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தாய். நான் அதையும் தின்றேன்.

மூன்றாவது மனுவுக்குப் பதில் வருவதற்குள் மழை வந்துவிட்டது. ஓட்டின் மேல் தார்ப்பாய், அதன் மேல் பழைய வலை, அப்படியும் ஒழுகி, ஈரத் தரையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாய். பொன்னேரி ஆஸ்பத்திரியிலிருந்து சேகர் தன் வீட்டுக்குக் கூப்பிட்டான். நீ "மாடிப்படி ஏற முடியாது, டீச்சர் வூட்டுக்குப் போறேன்" என்றாய். மூன்று வாரம் என் கட்டிலில் கிடந்தாய். வாய் மட்டும் படுக்கவில்லை. "டச்சுக்காரன் செத்து எத்தினி காலமாச்சி. அவன் கெடங்குக்கு வேலி, லைட்டு, காவலுக்கு ஒரு ஆளு. நான் உசுரோட கீறேன், எனக்கு ஒரு ஓடு மாத்த முடியல." கஞ்சி ஊட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் என் மணிக்கட்டைப் பிடித்தாய். இப்போது சொல்லிவிடவேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் நீ, "நீ இல்லேன்னா என் பேப்பரெல்லாம் நாயிதான் துன்னுக்கும் டீச்சரே" என்றாய். நான் உன் வாயைத் துடைத்துவிட்டு எழுந்து போனேன். அடுத்த செவ்வாய் நீ போய்விட்டாய்.

அந்த மழையிலேயே உன் வீடும் உட்கார்ந்துவிட்டது. கிடங்குக் காவல்காரர் வந்து பார்த்தார். செங்கல் பழைய செங்கல், விலைமதிக்க முடியாதது என்று ஆள்வைத்துப் பொறுக்கி, கழுவி, வேலிக்குள் அடுக்கி வைத்திருக்கிறார்கள். நைனாவின் சுவர் இப்போது நனையாமல் பத்திரமாக இருக்கிறது.

இன்று மதியம் சேகர் என் வீட்டில்தான் சாப்பிட்டான். இறால் தொக்கு வைத்திருந்தேன். மூன்று வாய் உண்டுவிட்டுக் கையை எடுத்தான்.

"அத்தே, அளக்கும்போது நீதான் கூட நின்னேன்னு அம்மா சொல்லும். யாரு அத்தே அந்தாளு? பேரு ஞாபகம் கீதா?"

"இல்லப்பா. அப்பவே வயசானவரு. இப்போ இருக்காரோ என்னமோ."

"ஒரு மீட்டரு அத்தே. ஒரு மீட்டருக்காக எங்கம்மா ஒழுவுற வூட்ல கெடந்து செத்துது. அப்பிடி அளந்தவன் நல்லா இருப்பானா, நீயே சொல்லு."

யாரோ ஒரு வயதான சர்வேயர். வெயிலில் டேப்பைச் சுருட்டிக்கொண்டு, நீ கொடுத்த சோடாவுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போன மனிதர். அவர்மேல் உன் மகனின் சாபத்தைத் தூக்கிவைத்துவிட்டு நான் நின்றேன்.

"இருக்க மாட்டாம்பா" என்றேன். அது ஒன்றுதான் இன்று நான் பொய்யில்லாமல் சொன்னது.

அவன் தலையாட்டினான். மறுபடி சாப்பிட ஆரம்பித்தான். இடம் வெளியில் வந்துவிட்டதால் அனுமதிக்கு எழுதிக் கொடுக்கப் போகிறானாம். அந்த மனுவை நான்தான் எழுதவேண்டுமாம். அனுமதி வந்ததும் பூமி பூஜை, அதில் அம்மா இடத்தில் அத்தைதான் நிற்கவேண்டும் என்கிறான். "உன்ன வுட்டா எனக்கு யாரு அத்தே கீறாங்க?" என்று கேட்டான்.

சரி என்று சொல்லிவிட்டேன், அண்ணி.