இடது கதவு

ஜூலை 3, வியாழன்

டாக்டர் பானுமதி சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிட்டாங்க, ரெண்டே கதவு, கூரை திறக்கும், அதுக்கு மேல எந்த ஃபிலிம் ஒட்டறதுன்னு முடிவு பண்ணப் போறது நான், ரிசப்ஷன்ல டோக்கன் குடுக்கிற இந்த ஜெஸ்லின்.

போனில் எழுதினால் எல்லோரும் பார்ப்பார்கள். அதனால் இந்த டைரி. மருந்து கம்பெனிக்காரர் கிளினிக்கில் கொடுத்துவிட்டுப் போனது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கால்சியம் மாத்திரை விளம்பரம். எலும்பு டாக்டர் கிளினிக்கில் வேறு என்ன கிடைக்கும்.

கடைசி பேஷண்ட் போனதும் டாக்டர் வெளியே வந்தார். "ஜெஸ்ஸி, பெயின்ட்ல கீறல் விழாம மேல கண்ணாடி மாதிரி ஒண்ணு ஒட்டுவாங்களாமே, உனக்குத் தெரியுமா?"

தெரியுமாவா. நாலு வருடமாக நான் பார்ப்பது அது மட்டும்தான். சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையிலிருந்த டீ ஆறிவிட்டது.

"போதும்மா. நீயே பாத்துச் சொல்லு. உன்னை நம்பி விட்டுடறேன்."

ஜூலை 4, வெள்ளி

முடிவு செய்துவிட்டேன். நேற்றே முடிவு செய்ததுதான், இன்று காரணங்களை எழுதி டாக்டருக்கு அனுப்பினேன்.

ஃபிலிமில் இரண்டு ஜாதி. பிவிசி மலிவு. திருச்சி வெயிலில் இரண்டு கோடை தாங்கினால் அதிகம், மஞ்சளாகிவிடும், கீறல் விழுந்தால் விழுந்ததுதான். டிபியு ரப்பர் மாதிரி இழுபடும், கீறல் விழுந்த இடத்தில் வெந்நீர் ஊற்றினால் தானாக ஆறிவிடும். நம் தோல் மாதிரி. இரண்டும் ஒட்டின பிறகு பார்க்க ஒன்றுதான், கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் யார் ஒட்டுகிறார்கள் என்பது முக்கியம்.

யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. டோமினிக் அண்ணன். மாம்பழச்சாலை தாண்டி ஸ்ரீரங்கம் ரோட்டில் அவர் ஷெட். அவருடைய ஒவ்வொரு வீடியோவையும் பார்த்துத்தான் நான் கற்றுக்கொண்டேன். துண்டு ஃபிலிம் வாங்கி எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி, உரித்து, மறுபடி ஒட்டி. "ஃப்ரிட்ஜுக்குச் சட்டை தைச்சாச்சு, அடுத்து கிரைண்டருக்கா?" என்று அம்மா இன்றும் கேட்டாள். டோமினிக் அண்ணனுக்கு ரசிகர் குரூப் ஆரம்பித்ததே நான்தான். தொள்ளாயிரம் பேர். இதுவரை அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

டாக்டரிடம் சொன்னேன்: "அவரைக் கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம் டாக்டர்."

ஜூலை 8, செவ்வாய்

என் பேரைச் சொன்னார். டோமினிக் அண்ணன். "நீதான் குரூப் நடத்துற ஜெஸ்லினா? உள்ள வாம்மா."

டாக்டர் காரை ஷெட்டில் விட்டுவிட்டுக் கிளம்பும்போது ஒரு சிக்கல். வையம்பட்டியிலிருந்து டாக்டரின் அப்பா முருகானந்தம் ஐயா போன் செய்தார். ஆடி பிறப்பதற்கு முன் சமயபுரத்தில் வண்டிக்குப் பூஜை போட்டே ஆக வேண்டுமாம். ஆடி பதினேழாம் தேதி பிறக்கிறது. அண்ணன் ஒரு நிமிடம் யோசித்தார். "சனிக்கிழமை ரெடி பண்ணிடறேன், விடுங்க" என்றார்.

நான் கிளம்பும்போது கூப்பிட்டார். "ஆகஸ்ட்ல ஒரு இடம் காலியாகுது. ஃபிலிம் கட்டிங் கத்துக்கறியா? திருச்சியில இந்த வேலையில பொண்ணு யாரும் இல்ல."

ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் இறங்க வேண்டிய பாலக்கரை ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டேன். ஜங்ஷனில் இறங்கித் திரும்ப நடந்தேன். கால் வலிக்கவே இல்லை.

ஜூலை 12, சனி

கார் ரெடி. அப்படி ஒரு சிவப்பு.

வீடியோ எடுத்தேன். என் முகத்தோடு முதல் வீடியோ. பித்தளை பிரஷ்ஷால் சுரண்ட வேண்டும், வெந்நீர் ஊற்ற வேண்டும், கீறல் மறைய வேண்டும். பானட்டில் செய்யலாம் என்றேன். அண்ணன், "அங்க வேணாம்மா, மேல இருக்கிற லைட்டு விழுந்து கிளேர் அடிக்கும். இடது கதவு நல்லா தெரியும்" என்று கையைப் பிடிக்காத குறையாக அழைத்துப் போய்க் காட்டினார். எனக்கு அது எவ்வளவு பெரிய பாடம். வெளிச்சத்தைக்கூட யோசிக்கிறார் பாருங்கள் என்று வீடியோவிலேயே சொன்னேன்.

சுரண்டினேன், ஊற்றினேன், மறைந்தது. டாக்டர் கைதட்டினார்.

ஜூலை 13, ஞாயிறு

வீடியோவை நாற்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். சர்ச் பூசையில் பிரசங்கம் ஒரு வார்த்தை காதில் விழவில்லை.

ஜூலை 16, புதன்

எப்படி எழுதுவது.

சமயபுரத்தில் நல்லபடியாகத்தான் இருந்தது. ஐயா காரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "ரெண்டு கதவுதானா? மிச்சம் ரெண்டை எப்பக் குடுப்பான்?" என்று கேட்டார். டாக்டர் சிரித்தார். சந்தனம், குங்குமம், நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம். பானட்டுக்குக் குறுக்கே பெரிய மாலை. மாலையோடு ஓட்டிக்கொண்டே ஹைவே டீக்கடை வரை வந்தோம். அங்கே மாலையைக் கழற்றினபோதுதான் தெரிந்தது, அது நூலில் கட்டின மாலை இல்லை, கம்பியில் கட்டினது. காற்றில் ஆடி ஆடி பானட் முழுக்க அரைவட்டம் அரைவட்டமாகக் கோடு.

ஐயா முகம் செத்துவிட்டது. மாலை அவர் வாங்கினது.

நான் இருக்கிறேனே. "கவலைப்படாதீங்க ஐயா, இதுக்குத்தான் ஃபிலிம்" என்றேன். டீக்கடை பாய்லரிலிருந்து ஒரு ஜக் வெந்நீர் வாங்கினேன். வீடியோவில் பேசின மாதிரியே பேசினேன். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். ஊற்றினேன்.

போகலை.

இன்னொரு ஜக். போகலை. ஆவி அடங்கினதும் கோடெல்லாம் முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தது.

"டீத்தூள் போட்டு ஊத்திப் பாரும்மா" என்றார் ஐயா. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போதுதான் அண்ணன் சொன்னது ஞாபகம் வந்தது. பானட் வேணாம்மா. இடது கதவு நல்லா தெரியும்.

என் ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன். இடது கதவில் மெல்ல ஒரு கோடு. "ஜெஸ்ஸி, என்ன பண்ற?" என்றார் டாக்டர். வெந்நீர் ஊற்றினேன். கோடு போய்விட்டது. சுற்றிப் போய் வலது கதவில் ஒரு கோடு. ஊற்றினேன்.

அது அங்கேயே இருக்கிறது. நான் போட்ட கோடு. டாக்டர் காரில்.

யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் இரண்டு கதவையும் மாறி மாறிப் பார்த்தார். எக்ஸ்ரே பார்க்கிற பார்வை. "அன்னைக்கு நீ எந்தக் கதவுல சுரண்டின?"

"இடது."

"அந்த இடத்தைக் காட்டினது யாரு?"

அவருக்குப் பதில் தேவைப்படவில்லை. "வண்டில ஏறு, ஜெஸ்லின்" என்றார்.

இரண்டு வருடத்தில் ஒருநாளும் அவர் என்னை ஜெஸ்லின் என்று கூப்பிட்டதில்லை.

ஜூலை 17, வியாழன்

தப்பு நடந்திருக்கும். வேலை செய்தவங்க ஃபிலிம் ரோலை மாத்தி எடுத்திருப்பாங்க. அண்ணனுக்குத் தெரிஞ்சிருக்காது. தெரிஞ்சிருந்தா — இல்ல, தெரிஞ்சிருக்காது.

அப்ப ஏன் இடது கதவு?

மூணு தடவை போன் பண்ணினேன். எடுக்கலை. குரூப்ல மட்டும் யாருக்கோ குட்மார்னிங் போட்டிருக்காரு.

ஜூலை 18, வெள்ளி

அரை நாள் லீவு போட்டு ஷெட்டுக்குப் போனேன். அதை அப்படியே எழுதி வைக்கிறேன், பிறகு நானே மாற்றி நினைத்துவிடுவேன்.

"வா தங்கச்சி, உக்காரு. டீ சொல்லவா?"

"அண்ணா, பானட்ல ஒட்டினது என்ன?"

"ஃபிலிம்தான்."

"எந்த ஃபிலிம்?"

போனைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நல்ல ரோல் வரலை. கையில இருந்தது ஒரு கதவுக்குத்தான் பத்துச்சு. ஆடிக்கு முன்னாடி வேணும்னு நின்னது யாரு? நானா?"

"வரலைன்னு சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா நீ வீடியோ எடுத்திருப்பியா?"

அதுக்கு அப்புறம் அவர் பேசினது எல்லாம் தூரத்தில் கேட்டது. அந்த நல்ல ரோல் வருடத்துக்கு ஒன்றுதான் வாங்குவாராம், வீடியோவுக்கு. மற்ற வண்டிக்கெல்லாம் இதுதானாம், யாரும் வெந்நீரைத் தூக்கிக்கொண்டு வரவில்லையாம். என் வீடியோவுக்குப் பிறகு ஒன்பது வண்டி புக்கிங்காம். அதைப் பாராட்டாகச் சொன்னார். கடவுளே, அதை எனக்குப் பாராட்டாகச் சொன்னார்.

"டாக்டரம்மா வண்டியை நான் சரி பண்ணித் தரேன், மெதுவா. நீ ஒண்ணாம் தேதி வேலைக்கு வந்துடு. கட்டிங் நானே சொல்லித் தரேன். வீடியோ மட்டும் அப்படியே இருக்கட்டும்."

நான் எழுந்து வந்தேன். இதுவரை எழுதினால் நான் நல்லவள் மாதிரி இருக்கிறது. மிச்சத்தையும் எழுத வேண்டும். காவேரிப் பாலம் தாண்டும்போது, முதல் நாள் வேலைக்கு எந்தச் சுடிதார் போடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பாலம் முடிகிற வரைக்கும். அவ்வளவு ஆசை இருந்தது எனக்கு.

என்னைக் கையில எடுத்து நல்லா வெளிச்சம் படற மாதிரி வெச்சிருக்காரு. அவ்வளவுதான். நான்தான் அந்த இடது கதவு.

ஜூலை 19, சனி

குரூப்பில் ஒரே ஒரு கேள்வி போட்டேன்: "அண்ணா ஷெட்டில் ஒட்டினவர்கள் யாராவது வெந்நீர் ஊற்றிப் பார்த்தீர்களா?" பத்து நிமிடத்தில் என்னை நீக்கிவிட்டார்கள். நான் ஆரம்பித்த குரூப். போன மாதம் அவரை அட்மின் ஆக்கினதும் நான்தான், கௌரவமாக இருக்கட்டும் என்று.

ஜூலை 20, ஞாயிறு

எழுத ஒன்றும் இல்லை. ஃப்ரிட்ஜில் இருந்ததை உரித்துவிட்டேன். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள், கிண்டல் செய்யவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஜூலை 21, திங்கள்

டோக்கன் கொடுத்தேன், பில் போட்டேன். டாக்டர், "ஜெஸ்லின், அடுத்த பேஷண்டை அனுப்பு" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

கிளம்பும்போது மட்டும் கேட்டார். "உன் மேல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா அந்த வீடியோ இன்னும் இருக்கே, ஏன்?"

"எடுத்துடறேன் டாக்டர்" என்றேன். எடுக்கவில்லை. எடுத்தால் அந்த வேலை போய்விடும். போன வேலைதான். இருந்தும்.

வீட்டுக்கு வந்து திறந்தேன். புதுசாக ஒரு கமென்ட். அழகிரி என்று ஒருவர், புதுக் கார் வாங்கி டாக்ஸி ஓட்டப் போகிறாராம், லோன். "தங்கச்சி உங்க வீடியோ பாத்துதான் புக் பண்ணிருக்கேன். வர்ற புதன்கிழமை வண்டி விடறேன். உங்களை நம்பித்தான்."

உங்களை நம்பித்தான்.

என்கிட்ட டாக்டர் சொன்னது. அண்ணனைப் பத்தி நான் சொன்னது. இப்ப இவரு.

நம்பர் கேட்டு வாங்கி, போன் செய்தேன். "அண்ணா, அங்க விடாதீங்க." ஏன் என்றார். சொன்னேன். "அப்ப வீடியோவுல காட்டினது பொய்யாம்மா?"

"காட்டினது நெஜம்ண்ணா. காட்டின இடம்தான்."

"ஏம்மா, அதைப் பொய்னுதானே சொல்லுவாங்க" என்றார். கோபமே இல்லாமல்.

ஜூலை 23, புதன்

டாக்டர் கிளினிக்குக்கு ஹேர் டிரையர் எடுத்து வந்தார். "நாளைக்கு வேற யாருகிட்டயாவது குடுத்து அந்த ஃபிலிமை உரிக்கணும். இல்ல, நீ உரிப்பியா?"

மதியம் பார்க்கிங்கில் உரித்தேன். டிரையரால் மெல்லச் சூடு காட்டி, ஓரத்திலிருந்து. நல்ல ஃபிலிம் என்றால் போர்வை மாதிரி ஒரே துண்டாக வரும். இது வெங்காயத் தோல் மாதிரி துண்டு துண்டாகக் கிழிந்தது. பசை பெயின்ட்டிலேயே தங்கிவிட்டது, அதைத் துணியில் தனியாகத் துடைத்து எடுத்தேன். மூன்று மணி நேரம். ஒரு கீறல்கூட விழவில்லை. அந்தச் சிவப்பு அப்படியே இருந்தது.

டாக்டர் இரண்டு தடவை வந்து பார்த்தார். இரண்டாவது தடவை, "இதை எங்க கத்துக்கிட்ட?" என்றார்.

"ஃப்ரிட்ஜ்ல."

அவர் உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது.

இடது கதவை மட்டும் விட்டுவிட்டேன். அது நல்லது, இருக்கட்டும்.

உரித்ததில் ஒரு துண்டை இந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். கால்சியம் மாத்திரைக்கு மேல். கண்ணுக்குத் தெரியவே இல்லை. நகத்தால் கீறினால்தான் தெரிகிறது.

ஜூலை 24, வியாழன்

வீடியோவை எடுக்கவில்லை. அதன் மேலேயே இதைப் போட்டிருக்கிறேன். ஒன்றாம் தேதி எங்கேயும் போவதில்லை. போட்டதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். அங்கே யாராவது அழிக்க வைத்தாலும் இங்கே இருக்கும்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் ஜெஸ்லின். கீழ இருக்கிற வீடியோல நான் சுரண்டினது இடது கதவை. அந்தக் கார்ல அந்த ஒரு கதவுல மட்டும்தான் நல்ல ஃபிலிம் இருந்துச்சு. எனக்கு அப்பத் தெரியாது. தெரிஞ்ச அப்புறமும் ஆறு நாள் சும்மா இருந்தேன், அது என் தப்பு. நான் சொன்னேன்னு அந்த ஷெட்ல ஃபிலிம் ஒட்டினவங்க, ஒட்டக் குடுத்திருக்கிறவங்க, ஞாயித்துக்கிழமை காலையில எட்டு மணிக்கு ஸ்ரீரங்கம் பஞ்சக்கரை ரோட்டுக்கு வாங்க. பில்லு இருந்தா எடுத்துட்டு வாங்க. முதல் வண்டியா டாக்டரோட சிவப்புக் கார் அங்க நிக்கும், அவங்களே ஓட்டிட்டு வரேன்னாங்க. நாலு ஃபிளாஸ்க் நிறைய வெந்நீர் நான் கொண்டு வரேன். எந்தக் கதவுல ஊத்தணும்னு நீங்க காட்டுங்க. வர முடியாதவங்க, கார் வெச்சிருக்கிற ஒருத்தருக்காவது இதை அனுப்புங்க."