ஆயுதம்: அரைப்படி

இன்று காலை தபால் ஆபீஸில் ஒருவர் பார்சலுக்கு அரக்கு உருக்கிக்கொண்டிருந்தார். அந்த வாசனை பட்டதும் உன் நினைவு வந்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் சப்மாஜிஸ்திரேட் கச்சேரியில் நாம் அடுத்தடுத்த மேஜையில் குமாஸ்தாக்களாக இருந்தபோது, அரக்கு வைக்கிற அவசரத்தில் மீசையின் இடது பக்கத்தைப் பொசுக்கிக்கொண்டாயே! மறுநாள் வலது பக்கத்தையும் மழித்துவிட்டு வந்து, "இப்ப சரிசமமா இருக்கா?" என்று கேட்டாய். வரிசையில் நின்றபடி தனியாகச் சிரித்தேன். பின்னால் நின்றவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அந்த மத்தியானமும் நினைவுக்கு வந்தது. யுத்த காலம்; அரிசிக்குத் தட்டுப்பாடு. ராஜபாளையத்தில் ஒரு வியாபாரி கிட்டங்கியிலிருந்து மூட்டைகளை வெளியூருக்கு ஏற்றுகிறார் என்று கேள்விப்பட்டு, பெண்கள் போய் வண்டிகளை மறித்துவிட்டார்கள். அந்த வழியாகப் போன பட்டாள லாரி ஒன்று எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்ற நின்றிருக்கிறது. கூட்டத்தைக் கலைத்துத் தரும்படி இன்ஸ்பெக்டர் கேட்க, லாரியிலிருந்த கேப்டன், "மாஜிஸ்திரேட் உத்தரவு எங்கே?" என்று கேட்டுவிட்டார். அதை வாங்கத்தான் இன்ஸ்பெக்டர் வேர்க்க விறுவிறுக்க நம் கச்சேரிக்கு வந்து நின்றார்.

உத்தரவை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. என் குடித்தனமோ ராஜபாளையத்தில். கிட்டங்கிக்குப் போகப்போவதாக என் மனைவி காலையிலேயே சொல்லியிருந்தாள். துப்பாக்கிகளையும் அவளையும் சேர்த்து நினைத்ததும் பேனா மைக்கூட்டிலேயே நின்றது.

நீ என் முகத்தைப் பார்த்தாய். "ஏலே, ஒம் வீட்டுக்காரி அங்கன இருக்காளா?"

தலையாட்டினேன்.

"அப்ப நீ எழுதப்படாது. தள்ளு."

என் நாற்காலியில் உட்கார்ந்து இன்ஸ்பெக்டரிடம் திரும்பினாய்.

"கலைஞ்சு போகச் சொன்னீகளா ஐயா?"

"விசில் ஊதினேன்."

"அதுல போங்கன்னு இருக்கா, வாங்கன்னு இருக்கா?"

அவர் முறைத்தார். நீ அசரவில்லை. "ஆயுதம் என்ன வச்சிருக்காக?"

"இரும்பு ஏனம்."

"என்ன ஏனம்னு எழுதணும்லா?"

"அரிசி அளக்குற படிதான். அரைப்படி."

'ஆயுதம்: அரைப்படி' என்று முத்து முத்தாக எழுதினாய்.

"வேற வழியில கலைக்க முடியலைன்னாத்தான் பட்டாளம், ஐயா. அதுவும் மாஜிஸ்திரேட் நேர்ல நின்னு சொல்லணும். இங்கன இருந்து கையெழுத்துப் போட்டுக் குடுக்கச் சட்டத்துல எடமில்ல."

சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரப்போன மாஜிஸ்திரேட், தாளைப் படித்ததும் தொந்தி குலுங்கச் சிரித்தார். பிறகு வெயிலைத் திட்டிக்கொண்டே இன்ஸ்பெக்டரின் காரில் ஏறினார். நாமும் பின்னால் ஒடுங்கிக்கொண்டோம்.

அங்கே சிப்பாய்கள் லாரி நிழலில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்தார்கள். மாஜிஸ்திரேட் பெண்களிடம் போய், "என்னம்மா வேணும்?" என்று கேட்டார். அதுவரை யாரும் அவர்களிடம் அதைக் கேட்டிருக்கவில்லை. "சும்மா கேக்கல சாமி, வெலைக்குத்தான் கேக்கோம்" என்றார்கள். வியாபாரியைக் கூப்பிட்டு, ஒரு வண்டி மூட்டையை இறக்கி அங்கேயே விற்கச் சொன்னார். தள்ளுமுள்ளு அடங்கி வரிசை நின்றது. கேப்டன் மாஜிஸ்திரேட்டுக்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டு லாரியைக் கிளப்பினார்.

என் மனைவி வரிசையிலிருந்தே என்னைப் பார்த்துவிட்டாள். "கச்சேரி நேரத்துல இங்கன என்ன சோலி ஒமக்கு?" என்று ஊர் பார்க்கக் கேட்டாள். நீ காரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அவள் குரலை அவ்வளவு சந்தோஷமாக நான் கேட்டதே இல்லை.

திரும்பும் வழியில் உன் கையைப் பிடித்துக்கொண்டேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டாய். "அவ இல்லாட்டாலும் இதைத்தாம்லே கேட்டிருப்பேன்." உண்மையைச் சொன்னால், அன்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

நீ போன பிறகு வேறோர் ஊரில் நான் தலைமைக் குமாஸ்தா ஆனேன். ஒரு நாள் மில் வாசலில் கூட்டம், பட்டாளம் வேண்டும் என்று போலீஸிடமிருந்து அதே மாதிரி ஓர் அவசரம் வந்தது. எனக்கோ பசி, எழுதித் தொலைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று பேனாவை எடுத்துவிட்டேன். அப்புறம் கீழே வைத்துவிட்டு, "கலைஞ்சு போகச் சொன்னீகளா?" என்று கேட்டேன். சொல்லியிருக்கவில்லை. போய்ச் சொன்னார்கள், கூட்டம் கலைந்து போய்விட்டது. அந்தக் கூட்டத்தில் எனக்குத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை.