நான்கு அடி உதைக்கிற வீடு

ஜனவரி 11

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே நான், பெரியவள், சின்னவன் மூவரும் சுகம். உங்கள் சுகத்தைப் போனில் கேட்டால் "சூப்பரா இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, லைன் சரியில்லை என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். இங்கே அந்தச் சாக்கு செல்லாது.

நேற்று உங்கள் அண்ணன் வந்தார். நம் மனையில் வீடு கட்ட நீங்கள் சரி சொல்லிவிட்டீர்களாம். கீழே ஹால், மூன்று படுக்கையறை, மேலே ஒரு மாடி, முன்னால் பால்கனி. "நீதான் ஆபீஸ்ல ஊருக்கெல்லாம் பிளான் போடுறியே, நம்ம வீட்டுக்கும் ஒண்ணு போட்டுக் குடுத்துரும்மா" என்றார். பதின்மூன்று வருடமாக இன்ஜினியர் ஆபீசில் குனிந்து உட்கார்ந்து அடுத்தவர்களின் சுவரை வரைகிறேன். வீட்டில் எத்தனை பேர், யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்காமல் ஒரு கோடு போட்டதில்லை. என் வீட்டுக்கு மட்டும் என்னைக் கேட்காமலே நீங்கள் மாடி வரைக்கும் போய்விட்டீர்கள்.

போட மாட்டேன். அவரிடமும் அப்படியே சொல்லிவிட்டேன்.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம். லிஃப்ட் மெக்கானிக் வேலைக்கென்று நீங்கள் விமானம் ஏறி ஒன்பது வருடம். அதில் லீவில் வந்து எங்களோடு இருந்த நாளையெல்லாம் கூட்டினால் ஏழு மாதம் தேறும். போன தடவை நீங்கள் வந்திருந்தபோது சின்னவன் சமையலறைக்கு வந்து ரகசியமாகக் கேட்டான்: "அப்பா எப்பம்மா கிளம்புவாங்க? அவங்க போனதும் டிவிய சத்தமா வச்சுக்கலாம்ல?" கெட்ட பிள்ளை இல்லை அவன். விருந்தாளியைப் பற்றிக் கேட்கிற மாதிரிதான் கேட்டான். அன்றைக்கு உங்களிடம் சொல்ல மனசு வரவில்லை. இப்போது சொல்கிறேன், கொஞ்சம் உறைக்கட்டும்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். நாலு பேரும் ஒரே வீட்டில் இருக்க வேண்டும். ஒன்று நீங்கள் திரும்பி வாருங்கள், இல்லை எங்களைக் கூட்டிக்கொள்ளுங்கள். அங்கேதான் தனி வீடு எடுத்து ராஜா மாதிரி இருப்பதாகச் சொல்கிறீர்களே, அந்த வீட்டின் அளவை அறை அறையாக எழுதி அனுப்புங்கள். பிள்ளைகளின் மேஜை எங்கே வரும், என் வரைபலகை எங்கே வரும் என்று நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி


பிப்ரவரி 2

அன்புள்ள ஸ்கேலுக்கு,

உன் கடிதத்தைப் பிரித்தேன், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். இத்தனை கோபத்திலும் உன் எழுத்து மட்டும் கோடு போட்ட மாதிரி நேராகப் போகிறது. அதற்காகத்தானே உனக்கு இந்தப் பெயர் வைத்தேன்.

நான் சொல்வதையும் கொஞ்சம் கேள். இந்த ஊரில் எதுவும் நமக்குச் சொந்தமில்லை. நாளைக்கே வேலை இல்லை, கிளம்பு என்றால் கிளம்ப வேண்டியதுதான். அங்கே நாலு சுவர் எழுப்பிவிட்டால் அது நமக்கென்று நிற்கும். ஒன்பது வருடமாக அடுத்தவன் கட்டடத்தில் ஏறி இறங்குகிறவனுக்கு, தெருவில் நின்று நிமிர்ந்து பார்க்க ஒரு வீடு வேண்டாமா? பிள்ளைகளுக்கு இந்தப் பள்ளிக்கூடமும் பாஷையும் ஒத்துவராது. உனக்கு வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்க ஒத்துவராது. இன்னும் ஐந்து வருடம், கண்ணை மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும்.

அளவு கேட்டாய். முன்பக்கம் ஹால் பதினாலு அடி, அதையொட்டி ஒரு படுக்கையறை பத்து அடி. பின்பக்கம் சமையலறை எட்டு, குளியலறை ஆறு, இன்னொரு படுக்கையறை பதினாலு. மூன்றாவது மாடி. கிழக்கே பால்கனி, காலை வெயில் அள்ளிக்கொண்டு வரும். போதுமா? இனிமேலாவது சமர்த்தாக அண்ணன் கேட்ட பிளானைப் போட்டுக் கொடு. அவர் கல்லுக்கும் மணலுக்கும் சொல்லிவைத்துவிட்டார்.

சின்னவனிடம் சொல், நான் இருக்கும்போதும் டிவியைச் சத்தமாக வைக்கலாம் என்று.

அன்புடன்,
லிஃப்ட்காரன்


பிப்ரவரி 23

உங்களுக்கு,

நீங்கள் அனுப்பிய வீட்டை வரைந்து பார்த்தேன். மூன்று தடவை.

முன்பக்கம் பதினாலும் பத்தும் இருபத்துநாலு. பின்பக்கம் எட்டும் ஆறும் பதினாலும் இருபத்தெட்டு. நான்கு அடி உதைக்கிறது. மூன்றாவது மாடியில் ஒரு படுக்கையறை நான்கு அடி அந்தரத்தில் தொங்குகிறது. ஒருவேளை நான்தான் தப்போ என்று எங்கள் இன்ஜினியரிடம் காட்டினேன். பார்த்தவுடன் சிரித்துவிட்டார். "யாரும்மா அளந்தது? குடிச்சிட்டு அளந்தானா?" "எங்க வீட்டுக்காரர் சார்" என்றேன். மனுஷன் உடனே அடுத்த பேப்பரை எடுத்துவிட்டார்.

தான் குடியிருக்கிற வீட்டை ஒருவரும் நான்கு அடி தப்பாக அளக்க மாட்டார்கள். டேப்கூட வேண்டாம், இருட்டில் தண்ணீர் குடிக்கப் போகிற காலுக்கே அளவு தெரியும். நான் இந்தத் தொழிலில் இருப்பவள் என்பதை எப்படி மறந்தீர்கள்? யாரிடம் வேண்டுமானாலும் ரீல் விடலாம், பிளான் போடுகிறவளிடம் இல்லாத வீட்டுக்கு அளவு சொல்லலாமா?

நேராகவே கேட்கிறேன். எங்கே இருக்கிறீர்கள்? யாரோடு இருக்கிறீர்கள்? வேறொருத்தி இருக்கிறாள் என்றால் அதையும் எழுதிவிடுங்கள். அழுவேன், பிறகு எழுந்து வேலைக்குப் போவேன். இப்படி ஒன்றும் தெரியாமல் இருப்பதுதான் என்னைக் கொல்கிறது.

ஸ்கேல் என்று கூப்பிட வேண்டாம்.


மார்ச் 14

அன்புள்ள உனக்கு,

வேறொருத்தி கிடையாது. பிள்ளைகள் மேல் சத்தியம்.

தனி வீடும் கிடையாது. ஆறு பேர் ஒரு அறையில் இருக்கிறோம். மூன்று இரண்டடுக்குக் கட்டில், மேல்தட்டு என்னுடையது. எழுந்து உட்கார்ந்தால் தலை கூரையில் இடிக்கும். ஒன்பது வருடமும் இதே அறைதான். நான் எழுதிய முன்பக்க ஹாலும் படுக்கையறையும், லிஃப்ட் ரிப்பேருக்குப் போன கட்டடத்தில் மூன்றாவது மாடி வீட்டுடையது. தண்ணீர் கேட்டேன், உள்ளே கூப்பிட்டார்கள். பின்பக்கம் எதிர் வீட்டுடையது. அங்கே ஒரு சுவிட்ச் மாற்றிக் கொடுத்தேன். இரண்டையும் கண்ணாலேயே அளந்து ஒட்டிவைத்தேன். அதைக் கூட்டிப் பார்ப்பாய் என்று நினைக்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன். நாலு வருடத்துக்கு முன்னால் கம்பெனியே கூப்பிட்டு, குடும்பத்தைக் கொண்டுவரலாம், பாதி வாடகை தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பயம்தான். ஊருக்கு வந்தால் நான் வெளிநாட்டுக்காரன். அண்ணன் நாற்காலி எடுத்துப் போடுவார். இங்கே சாயங்காலம் கிரீஸ் கையோடு, இடுப்பு பிடித்துப்போய் வருகிறவனைப் பிள்ளைகள் தினம் தினம் பார்க்க வேண்டுமா? நீ பார்க்க வேண்டுமா? அந்த மனையில் மாடியோடு ஒரு வீடு நின்றால், நான் இல்லாதபோதும் என்னைப் பற்றி அது பேசும். அதை மட்டும் கட்ட விடு. அடுத்த மாதம் முதல் வாரத்தில் அண்ணன் அஸ்திவாரம் தோண்டுகிறார். வேறு ஆளை வைத்துப் பிளான் போட்டுவிட்டார். நகராட்சி அனுமதிக்கு உன் கையெழுத்து மட்டும் வேண்டும்.

லிஃப்ட்காரன்


ஏப்ரல் 6

உங்களுக்கு,

மேல்தட்டுக் கட்டிலைப் படித்து அழுதேன். அடுத்த பத்தியைப் படித்ததும் கண்ணீர் நின்றுவிட்டது.

நாலு வருடம்! அப்போது சின்னவனுக்கு மூன்று வயது. நிமோனியா வந்து அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, பெரியவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, பதினோரு நாள் நான் ஒருத்தியாக ஓடினேனே, அந்த வருடம்தான். நாங்கள் உங்களோடு இருந்திருக்கலாம். கதவு திறந்திருந்தது. நீங்கள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சாத்திவிட்டு வந்துவிட்டீர்கள். கிரீஸ் கைக்கு வெட்கப்பட்டீர்களாம். அந்தக் கையைக் கட்டிக்கொண்டவள் நான். வெட்கப்படுவதா வேண்டாமா என்று நான்தானே சொல்ல வேண்டும்?

வியாழக்கிழமை மனைக்குப் போனேன். நாலு ஆட்கள் கயிறு பிடித்துச் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். நிறுத்தச் சொன்னேன். உங்கள் அண்ணன் குடையோடு வந்தார்.

"தம்பி சொல்லிட்டான்மா."

"சொல்லட்டும் மாமா. மனை ரெண்டு பேர் பேர்ல இருக்கு. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"நாலு பேர் பார்க்கிறாங்க, அசிங்கம் பண்ணாத."

"பார்க்கட்டும். ஆளில்லாத வீட்டைக் கட்டி அதுக்கு நான் வாட்ச்மேனா இருக்க முடியாது மாமா."

கூலியாட்களில் ஒருவர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

இன்னொரு விஷயம். பிறகு சொல்லவில்லை என்று சொல்லக்கூடாது. நீங்கள் இருக்கிற ஊரிலேயே ஒரு கட்டட வரைபடக் கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன். பரீட்சை வைத்தார்கள். ஒரு படத்தைக் கொடுத்து, இதில் உள்ள தப்பையெல்லாம் கண்டுபிடி என்றார்கள். அவர்கள் வைத்தது ஆறு தப்பாம். நான் ஏழு எழுதி அனுப்பியிருக்கிறேன். நீங்கள் கூட்டிக்கொள்ளாவிட்டால் நானே வருவேன்.

உங்கள் மனைவி


ஏப்ரல் 25

அண்ணன் போன் செய்து எல்லாம் சொன்னார். நாலு பேர் முன்னால் என் மானத்தை வாங்கிவிட்டாய். அவர் என்ன உனக்கு வேண்டாதவரா?

நீ வரக் கூடாது. கைக்கு எட்டிய சம்பளத்தை விட்டுவிட்டு, இரண்டு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு, பாஷை தெரியாத ஊரில் என்ன செய்வாய்? என் பேச்சை மீறி வந்தால் நான் பொறுப்பில்லை. ஏர்போர்ட்டுக்கும் வர மாட்டேன். எழுதிவிட்டேன்.


ஜூன் 9

அன்புள்ள உங்களுக்கு,

வேலை கிடைத்துவிட்டது. அந்த ஏழாவது தப்பு அவர்களுக்கே தெரியாமல் அவர்கள் செய்ததாம். வேலை அனுமதி என் பெயரில் வந்திருக்கிறது, பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்து. கம்பெனி வீடும் பார்த்துக் கொடுத்திருக்கிறது. இரண்டு அறை, நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஒரு இடத்திலாவது உங்களுக்கு வேலை இல்லாமல் இருக்கட்டும்.

மனையை விற்கவில்லை. சுண்ணாம்புக் கோடு ஒரு மழையில் போய்விட்டது. பெரியவள் அந்த ஊர்ப் பாஷையில் பத்து வரைக்கும் எண்ணக் கற்றுக்கொண்டு ஊரையே எண்ணிக்கொண்டிருக்கிறாள். சின்னவன் அங்கே டிவி உண்டா என்று மட்டும் கேட்டான். எனக்குப் பயமில்லை என்று நினைக்காதீர்கள். ஆனாலும் வருகிறேன்.

ஜூன் 21, சனிக்கிழமை காலை இறங்குகிறோம். ஏர்போர்ட்டுக்கு வர மாட்டேன் என்றீர்கள், வர வேண்டாம். கீழே முகவரி எழுதியிருக்கிறேன். வீட்டு ஒப்பந்தத்தில் குடியிருப்பவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார்கள். நாலு என்று எழுதிவிட்டேன். ஆனால் ஒன்று. ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டுப் போவதானால் இந்தப் பக்கமே வராதீர்கள். குடியிருக்க வருவதானால் வாருங்கள்.

உங்கள் மனைவி


ஜூன் 29, ஞாயிறு, பகல் பன்னிரண்டு மணி

அன்புள்ள ஸ்கேலுக்கு,

இதைத் தபாலில் போடவில்லை. உன் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன். மூன்று தடவை தட்டினேன், நீ திறக்கவில்லை. உள்ளே நடமாட்டம் கேட்கிறது. போன ஞாயிறும் வந்தேன். மூன்றாவது மாடி வரைக்கும் ஏறிவிட்டுத் திரும்பிப் போனேன். மேலே பெரியவள் தம்பியைத் திட்டும் சத்தம் கேட்டது. குரல் அப்படியே உன்னுடையது. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நான் முட்டாள்தான், ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு மணி நேரம் போதும். பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன். மற்றதை மெல்லப் பேசிக்கொள்ளலாம். கதவைத் திற.

லிஃப்ட்காரன்


அதே நாள்

உங்களுக்கு,

இதையும் கதவுக்கு அடியிலேயே தள்ளுகிறேன். கதவில் இருக்கிற சின்னக் கண்ணாடித் துளை வழியாகப் பார்த்தேன். கையில் ஒரு பழப் பை மட்டும்தான் இருக்கிறது. பழப் பையோடு வருகிறவர் விருந்தாளி. பிள்ளைகள் இருவரும் என் பக்கத்தில் நிற்கிறார்கள். "அம்மா, அப்பா வெளியவே நிக்கிறாங்க" என்று பெரியவள் என் கையைப் பிடித்து இழுக்கிறாள். என் எழுத்தும் இன்றைக்குக் கோணலாகப் போகிறது. ஆனாலும் திறக்க மாட்டேன். ஒரு மணி நேர அப்பாவைப் பார்த்துப் பார்த்து இவர்களுக்குப் பழகிவிட்டது, எனக்குத்தான் பழகவில்லை.

பழத்தை வாசலிலேயே வைத்துவிட்டுப் போங்கள். உங்கள் அறைக்கு இங்கேயிருந்து பஸ்ஸில் நாற்பது நிமிடம், விசாரித்துவிட்டேன். துணிமணி, செருப்பு, டூல்ஸ் பெட்டி, எதையும் அங்கே விட்டுவைக்காமல் மொத்தமாக எடுத்துக்கொண்டு வாருங்கள். நாங்கள் சாப்பிடாமல் காத்திருக்கிறோம். சின்னவனுக்கு இப்போதே பசிக்கிறதாம், சீக்கிரம்.

கீழே வந்து நின்று ஒரு குரல் கொடுங்கள். நாலு மாடியும் நீங்கள் ஒருவராகப் பெட்டியைத் தூக்க முடியாது. இன்னொரு பக்கம் பிடிக்க நான் இறங்கி வருகிறேன்.

ஸ்கேல்