பிரேக் சாமான் வந்து சேர்ந்தது

பட்டாபிராம்,
1990, மாசி மாதம்

என் மகன் ஜானகிராமனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் வேளைக்குச் சாப்பிட்டு மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம், அதைச் சௌக்கியம் என்று சொல்லலாம் என்றால் சௌக்கியம்தான். நீ அந்தக் குளிர் தேசத்தில் சளி இருமல் இல்லாமல் இருக்கவேண்டும் என்று செவ்வாய்க்கிழமை தவறாமல் அம்மன் கோயிலில் விளக்குப் போட்டு வருகிறேன், மனசு எப்படிக் கிடந்தாலும் விளக்கை நிறுத்தவில்லை. எப்போதும் நான் சொல்லச் சொல்ல எதிர்வீட்டுக் கண்ணம்மா எழுதுவாள், இந்த முறை அவளிடம் போகவில்லை, போனால் கடிதம் உன்னிடம் வருவதற்கு முன்னால் ஸ்டேஷன் வரைக்கும் சேதி போய்விடும். மூன்றாம் வகுப்போடு நின்ற என் எழுத்து, கோணலாகத்தான் இருக்கும், நிதானமாகக் கூட்டிப் படி. அம்பத்தூரில் உன் அக்கா அன்னம்மாளுக்கு இரண்டாவதும் பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் நலம், குழந்தைக்கு உன் மூக்கு. பார்க்கிறவர்கள் எல்லாம் அதைத்தான் சொல்கிறார்கள், நான் பதில் சொல்வதில்லை.

நீ கொடுத்தனுப்பின பிரேக் சாமான் கார்த்திகையிலேயே வந்து சேர்ந்துவிட்டது. அதற்கு இன்றுவரை உனக்குப் பதில் எழுதவில்லை, எழுதக் கை வரவில்லை. உன் நைனா அந்தச் சிவப்புக் காரை வாங்கிய கதை உனக்குத் தெரியும், ஆவடி குவார்ட்டர்ஸில் ஒரு மிலிட்டரி ஆபீசர் விட்டுவிட்டுப் போனது, மேல்மூடி இல்லாதது, ஒரு காலத்தில் சோழவரம் கார் பந்தயத்தில் பறந்த வண்டியாம், நாம் பார்த்தபோது அதன் சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. ஏன் வாங்கினார் என்பது உனக்குப் பாதிதான் தெரியும். எங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு மேல்மூடி இல்லாத கார் கொண்டுவருகிறேன் என்று என் சித்தப்பா துலுக்கானம் சபையில் வாக்குக் கொடுத்தார். சாயங்காலம் கார் வரவில்லை. கேட்டதற்கு வெற்றிலையை மென்றுகொண்டே, "மாப்ளைக்குக் காலு கீதுல்ல, நட்ந்து வரட்டும்" என்றார். உன் நைனா பட்டு வேட்டி மாலையோடு பொடி மண்ணில் நடந்தே வந்தார். புகுந்த வீட்டார் என்னைக் குத்திக் காட்டாத பண்டிகை இல்லை. சித்தப்பா வாயில் அன்றைக்கு இருந்த வெற்றிலைச் சிவப்பு இன்றைக்கும் என் கண்ணில் இருக்கிறது. என் பிள்ளையாவது சொந்தக் காரில் வரட்டும், நானே ஓட்டிக்கொண்டு வருகிறேன் என்றுதான் உன் நைனா ரிட்டயர் ஆனதிலிருந்து அந்த வண்டியோடு கிடந்தார்.

எஞ்சின் ஓடிவிட்டது, பெயிண்ட் ஏறிவிட்டது, பிரேக்குதான் அகப்படவில்லை. உள்ளே இருக்கிற சிலிண்டரும் ரப்பரும் அந்த வண்டிக்கென்றே செய்தது, மற்றது சேராது என்பார். புதுப்பேட்டையில் பழைய கார் சாமான் விற்கிற கடை கடையாக ஏறி இறங்கினார், அம்பாசடர் சாமானைக் கொடுத்து இதுவே போதும் என்றார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருக்கிற வீராசாமி, அம்பாசடர் சிலிண்டருக்கு உறை கடைந்து பொருத்தித் தருகிறேன் என்று தந்தும் விட்டான். உன் நைனா மாட்டிப் பார்த்தார், நிற்கத்தான் நின்றது, ஆனாலும் கழற்றிவிட்டார். "பத்து வாட்டி நிக்கும், பதினோராவது வாட்டி உட்டுதுன்னா இன்னா பண்றது? முன்னால நாயனக்காரங்க நடக்கிறாங்க, அவங்க முதுகுல ஏத்தறதா?" என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் போன சித்திரையில் உனக்கு எழுதினார், உன் மாப்பிள்ளை அழைப்புக்கு வண்டி தயார், ஒரிஜினல் பிரேக் சாமான் மட்டும் அங்கே கிடைத்தால் அனுப்பு என்று. நீயும் தேடி அனுப்புகிறேன் என்று பதில் போட்டாய். அதை நாங்கள் உன் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம். மாப்பிள்ளை அழைப்புக்குப் பிரேக் அனுப்புகிற பிள்ளைக்குக் கல்யாணத்தில் இஷ்டம் இல்லாமல் இருக்குமா, நீயே சொல். நசரத்பேட்டை பஞ்சவர்ணத்தின் மகள் தாட்சாயிணியைப் பேசி ஆவணியில் தாம்பூலமும் மாற்றிக்கொண்டோம். உனக்கு எழுதினோம். அதற்கு ஒரு வரி இல்லை.

கார்த்திகையில் உன் கூட்டாளி அய்யாசாமி அங்கிருந்து வந்தவன், நீ கொடுத்த பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். உன் நைனா வாசலிலேயே பிரித்தார். எண்ணெய்க் காகிதத்தை விலக்கி ஒரு சிலிண்டரை உள்ளங்கையில் வைத்து, பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் காபி கொண்டுவந்து, முகூர்த்தம் தையில் வைக்கலாமா, ஜானகிக்கு எப்போது லீவு என்று கேட்டேன். அய்யாசாமி முழித்தான். "இன்னாம்மா, உங்களுக்குத் தெர்யாதா? அவன் ஆடி மாசமே ரிஜிஸ்தர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் பண்ணிக்கினானே" என்றான். ஆடி மாதமாம். கல்யாணம் செய்துகொள்ள உனக்கு அந்த மாதம்தான் கிடைத்ததா? உன் நைனா சிலிண்டரைப் பழையபடி காகிதத்தில் சுற்றினார். மறுநாள் நசரத்பேட்டைக்குத் தனியாகப் போய்த் தாம்பூலத் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். பஞ்சவர்ணம் ஒரு வார்த்தை ஏசவில்லையாம், அந்தப் பெண்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்ததாம். அதைச் சொல்லும்போது அவருக்கு மூச்சு இரைத்தது, அன்று ஆரம்பித்ததுதான், இன்னும் நிற்கவில்லை.

இனிமேல் அந்த வண்டியைத் தொடமாட்டார் என்றுதான் நினைத்தேன். தொட்டார். நீ அனுப்பினதை நான்கு சக்கரத்துக்கும் மாட்டினார். குழாயில் காற்று இருந்தால் பிரேக் பிடிக்காதாம், ஒருவர் மிதிக்க ஒருவர் கீழே படுத்துக் காற்றை வெளியே விடவேண்டுமாம். வேறு யார் இருக்கிறார்கள், என்னை ஏறி உட்காரச் சொன்னார். என் குட்டைக் காலுக்கு அந்த மிதிகட்டை எட்டவில்லை, முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டேன். அவர் கீழேயிருந்து "அமுக்கு" என்பார், "புடி" என்பார், "உடு" என்பார். அந்த வாரம் முழுவதும் எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான் கண்ணு.

இப்போது கேள். அந்தப் பெண்ணைத் தையில் கட்டிக்கொண்டது யார் தெரியுமா, அதே துலுக்கானம் சித்தப்பாவின் பேரன் எத்திராஜ். உன் நைனா தானாகப் போய், மாப்பிள்ளை அழைப்புக்கு வண்டியை நான் கொண்டுவருகிறேன் என்று பஞ்சவர்ணத்திடம் சொல்லியிருக்கிறார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நம்மை மண்ணில் நடக்க விட்டவன் வீட்டுப் பிள்ளைக்கு நீங்கள் டிரைவரா என்று கேட்டேன். "அந்தப் பொண்ணுக்குன்னு தயார் பண்ண வண்டி, அந்தப் பொண்ணு கல்யாணத்துக்குப் போவுது, அவ்ளோதான்" என்றார். வரமாட்டேன் என்றேன், ஆனால் மூச்சு வாங்குகிற மனுஷனைத் தனியாக அனுப்ப மனசு வராமல் காருக்குப் பின்னாலேயே நடந்தேன். பெங்களூர் ரோட்டிலிருந்து ஊருக்குள் இறங்குகிற சரிவில் தவில்காரர் கால் இடறி முன் சக்கரத்துக்கு நேராக விழுந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் வண்டி ஆணி அடித்த மாதிரி நிற்கிறது, எத்திராஜ் தலைப்பாகை பறந்து எஞ்சின் மூடிமேல் கிடக்கிறது, தவில்காரர் எழுந்து மண்ணைத் தட்டுகிறார். "இன்னா பெர்சு, ஷோக்கா நிறுத்திக்கினியே" என்று யாரோ சிரித்தார்கள். பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த துலுக்கானம் என்னைப் பார்த்து வாயைத் திறந்தார், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வீட்டுக்கு வருகிற வழியில் உன் நைனா, "ஜானகி அனுப்ச்சது ஒரிஜினல்தான்" என்றார். கார்த்திகைக்குப் பிறகு உன் பேர் அவர் வாயில் வந்தது அன்றைக்குத்தான். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

டாக்டர் அவருக்கு மார்பில் அடைப்பு என்கிறார், மாத்திரை தந்திருக்கிறார், மாடிப்படி ஏறக்கூடாதாம். வண்டியை விற்றுவிடலாமா என்று போன வாரம் கேட்டேன். தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டே, "அதுல ரெண்டு பேர்தான் குந்த முடியும். அவன் வந்தா, அவனும் அவன் கட்ன பொண்ணும் குந்திக்கட்டும், அவனே ஓட்டட்டும். நான் முன்னால நட்ந்து வரேன். மாப்ளயாவே நட்ந்தவன், இப்ப நடக்க மாட்டேனா" என்றார்.

நான் உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே, நான் மறக்கிறவள் இல்லை, அது உனக்கே தெரியும். ஆனாலும் பெற்ற வயிறு வாழ்த்தாமல் இருக்காது, நீயும் அவளும் குறையில்லாமல் இருங்கள். அவள் பேரை அய்யாசாமி சொன்னான், அன்றைக்கு என் காதில் ஏறவில்லை, விளக்குப் போடும்போது உன் பேரோடு சேர்த்துச் சொல்லவேண்டும், மறக்காமல் எழுது. ஸ்டேஷனிலிருந்து நம் வீட்டு வாசல் வரைக்கும் உன் நைனாவால் இன்றைக்கு நடக்க முடியும். அடுத்த தைக்கு என்னால் சொல்ல முடியாது.

வாசலைப் பார்த்துக்கொண்டு,
உன்னைப் பெற்ற
ஜெகதாம்பாள்